ஆற்றில் எறிந்த தேங்காய்

சென்னையில் இருந்து ஹவுராவுக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. ராஜமுந்திரி ஊருக்கு முன்னால் கோதாவரி ஆறு வந்தது. ரயில் பாலத்தில் ஏறியது. பலர் ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டார்கள். சிலர் காசு போட்டார்கள்.

ஓர் அம்மா பையில் இருந்து தேங்காயை எடுத்தார். கதவருகே போனார். அங்கே ரயில் பாதையைப் பராமரிக்கும் தொழிலாளி ஒருவர் நின்றிருந்தார். இவர்களைக் கேங்மேன் என்று சொல்வார்கள்.

“அம்மா, எறியாதீங்க!” என்றார் அவர்.

“ஏன் தம்பி? கோதாவரித் தாய்க்கு வேண்டிக்கிட்டேன். நேரா கீழேதானே விழப் போவுது?”

“நேரா விழாதும்மா. பாலத்து ஓரத்துல எங்க ஆளுங்க வேலை செய்வாங்க. அவங்க தலையில பட்டா என்ன ஆகும்?”

அம்மா திகைத்தார். கையை விட்ட தேங்காய் ஏன் நேராக விழாது? வாருங்கள், பார்ப்போம்.

பூமி இழுக்கிறது

மரத்தில் இருந்து விடுபட்ட பழம் கீழே விழுகிறது. மேலே எறிந்த பந்தும் கீழே வருகிறது. எல்லாப் பொருள்களையும் பூமி தன் பக்கம் இழுக்கிறது. இதற்குப் புவியீர்ப்பு என்று பெயர். 1687-ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர் நியூட்டன் இதன் விதியை எழுதி வெளியிட்டார்.

விழும் பொருள் ஒரே வேகத்தில் விழுவதில்லை. விழ விழ அதன் வேகம் கூடுகிறது. முதல் வினாடியில் சுமார் 5 மீட்டர் விழும். இரண்டு வினாடி முடியும்போது 20 மீட்டர் விழுந்திருக்கும். அப்போது அதன் வேகம் வினாடிக்கு 20 மீட்டர் ஆகிவிடும்.

தேங்காயும் ரயிலோடு ஓடுகிறது

பேருந்தில் நின்றுகொண்டு போகிறோம். ஓட்டுநர் திடீரென்று பிரேக் போடுகிறார். நாம் முன்னால் சாய்கிறோம். ஏன்? பேருந்து நின்றுவிட்டது. ஆனால் நம் உடம்பு பேருந்தின் வேகத்திலேயே போகப் பார்க்கிறது.

தேங்காயும் அப்படித்தான். ரயில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். அதாவது வினாடிக்கு 20 மீட்டர். அம்மாவின் கையில் உள்ள தேங்காயும் அதே வேகத்தில் போகிறது. கையை விட்ட பிறகும் அந்த வேகம் போய்விடாது. தேங்காய் முன்னால் போய்க்கொண்டே இருக்கும். பூமியும் அதைக் கீழே இழுக்கும். இரண்டும் சேர்வதால் தேங்காய் வளைந்த பாதையில் விழுகிறது.

தேங்காய் இரண்டரை மீட்டர் உயரத்தில் இருந்து விழ முக்கால் வினாடிகூட ஆகாது. அதற்குள் அது சுமார் 14 மீட்டர் முன்னால் போய்விடும். இது ஒரு பேருந்தின் நீளத்தைவிட அதிகம். கதவுக்கு நேர் கீழே ஆள் இல்லை என்று நினைத்து எறிகிறோம். ஆனால் 14 மீட்டர் தள்ளி நிற்பவர் மேல் அது விழலாம்.

வீட்டில் செய்து பாருங்கள்

மேசை விளிம்பில் ஒரு காசை வையுங்கள். இன்னொரு காசை அதே உயரத்தில் கையில் பிடியுங்கள். மேசைக் காசை விரலால் சுண்டுங்கள். அது விளிம்பை விட்டுப் போகும்போதே கையில் உள்ள காசையும் விடுங்கள். ஒரு காசு தள்ளிப் போய் விழும். மற்றது நேராக விழும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும். முன்னால் போகும் வேகம் வேறு, கீழே விழும் வேகம் வேறு. ஒன்று மற்றதைத் தடுப்பதில்லை. இத்தாலி அறிஞர் கலிலியோ 1638-இல் வெளிவந்த தம் நூலில் இதை விளக்கினார்.

அடி ஏன் பலமாகப் படுகிறது?

மெதுவாக உருண்டு வரும் பந்தைக் காலால் நிறுத்தலாம். வேகமாக வரும் பந்து வலிக்கும். பந்து கனமாக இருந்தால் இன்னும் வலிக்கும். எடையும் வேகமும் சேர்ந்த இந்தப் பலத்திற்கு உந்தம் என்று பெயர். எடை கூடினால் உந்தம் கூடும். வேகம் கூடினாலும் உந்தம் கூடும்.

கிரிக்கெட் ஆடுபவர் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார். பந்தின் உந்தம் மெதுவாகக் குறையும். அதனால் கை வலிக்காது. ஆனால் தலையில் விழும் தேங்காய் கண் இமைக்கும் முன் நின்றுவிடுகிறது. அதன் உந்தம் முழுவதையும் மண்டை ஓடு தாங்க வேண்டும்.

20 மீட்டர் உயரத் தென்னையின் கீழ் யாராவது தலையைக் காட்டுவோமா? அங்கிருந்து விழும் தேங்காயின் வேகம் வினாடிக்கு 20 மீட்டர். நாம் பார்த்த ரயிலின் வேகமும் அதுதான். ஓடும் ரயிலில் இருந்து எறிந்த தேங்காய், அந்தத் தென்னையில் இருந்து விழும் தேங்காய்க்குச் சமம்.

மும்பைக்கு வடக்கே நாய்காவ், பயந்தர் ரயில் நிலையங்களுக்கு நடுவே கடல் கழி உள்ளது. 2025-ஆம் ஆண்டில் ஒருவர் அங்கே ரயில் பாலத்தின் ஓரமாக நடந்து போனார். ஓடும் ரயிலில் இருந்து யாரோ எறிந்த பூசைத் தேங்காய் அவர் தலையில் பட்டது. அவர் இறந்துபோனார். எறிந்தவர் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. ஆற்றில் போடுவதாகத்தான் நினைத்திருப்பார்.

ரயில் மேல் கல் எறியலாமா?

சில இடங்களில் பிள்ளைகள் விளையாட்டாக ரயில் மேல் கல் எறிகிறார்கள். கல்லின் வேகம் குறைவாக இருக்கலாம். ஆனால் எதிரே வரும் ரயிலின் வேகமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. ஜன்னல் ஓரம் இருப்பவரின் கண் போகலாம், உயிரும் போகலாம். ரயில் பயணிகளுக்கு வேண்டுமென்றே ஆபத்து விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் அப்படிச் சொல்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

கோதாவரிப் பாலம் முடிந்தது. அம்மா தேங்காயைப் பைக்குள் வைத்தார்.

“ஊருக்குப் போய் உடைச்சு எல்லாருக்கும் கொடுக்கறேன் தம்பி. கோதாவரித் தாய் கோவிச்சுக்க மாட்டா.”

“மாட்டாங்கம்மா,” என்று சிரித்தார் அந்தத் தொழிலாளி.

பதில் சொல்லுங்கள்

1. பிரேக் போட்டதும் நாம் ஏன் முன்னால் சாய்கிறோம்?
2. ஓடும் ரயிலில் இருந்து விட்ட பொருள் ஏன் நேராக விழுவதில்லை?
3. தண்ணீர் நிறைந்த பாட்டிலை ரயிலில் இருந்து எறியலாமா? ஏன்?