யானை இலத்தியின் சாட்சியம்

திருவரங்கத்துக் கோயில் யானை ஒரு நாளில் என்ன தின்றது என்று கேட்டால், பாகர் தயங்காமல் விடை கூறுவார். கவளச் சோறு இவ்வளவு, தென்னமட்டை இவ்வளவு, பசும்புல் இவ்வளவு என்பது அவர் கையாலேயே கொடுத்த கணக்கு. ஆனைமலை மழைக்காட்டில் திரியும் யானையும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அது நேற்று என்ன தின்றது என்று கேட்டால் விடை கூற ஒருவரும் இல்லை. அவ்வளவு பெரிய விலங்கின் விஷயமே இவ்வாறானால், இருளில் மேயும் கடமானும், மர உச்சியில் வாழும் கருமந்தியும் மலையணிலும் எவற்றையெல்லாம் உண்டு உயிர் தரிக்கின்றன என்பதை முற்றும் அறிவது எங்ஙனம்?

இது பொழுதுபோக்குக் கேள்வி அன்று. எந்தக் காட்டில் எந்த மரத்தை நடுவது, எந்தச் செடியைக் களைவது, எந்தப் பாதையை விலங்குகளுக்கு விட்டுவைப்பது என்றெல்லாம் மனிதர்களே முடிவு செய்து வருகிறோம். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் காடுகளில் 3,063 யானைகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும். வழக்கில் சம்பந்தப்பட்டவரின் வாக்குமூலத்தைக் கேளாமல் தீர்ப்புச் சொல்லும் நியாயஸ்தலத்தை நாம் ஒப்புவோமா? வாய் பேசாத ஜீவன்களின் வழக்கில் மட்டும் அம்முறை எவ்வாறு நியாயமாகும்?

முன்னோர் இதற்கு முயலவில்லை என்று நாம் கூறவில்லை. யானையைப் பின்தொடர்ந்து, அது பறிக்கும் ஒவ்வொரு கிளையையும் குறித்துக்கொள்வது ஒரு முறை. 1981 முதல் 1983 வரை தென்னிந்தியக் காடுகளில் ஆர். சுகுமார் அவ்வாறே உழைத்து, யானைகள் குறைந்தது 112 வகைத் தாவரங்களை உண்பதையும், அவற்றுள் 25 வகைகளே உணவில் ஏறத்தாழ 85 சதவீதம் ஆவதையும் நிறுவினார். பின்னர் 1987இல் வெளியான ஆராய்ச்சியில், எலும்பிலுள்ள கரியின் ஐசோடோப்புகளைச் சோதித்து, புல்லுக்கும் தழைக்கும் அதன் உடல் வளர்ச்சியில் உள்ள பங்கைப் பிரித்தறியும் வழியும் காணப்பட்டது. இவை போற்றத்தக்க பணிகள். எனினும் ஐசோடோப்பு புல் என்றும் தழை என்றும் பிரிக்குமேயன்றி, இன்ன மரத்தின் தழை என்று பெயர் சொல்லாது. கண்ணால் காண்பதோ வெளிச்சமான காட்டில் கைகூடலாம். பத்தடிக்கு அப்பால் பசுஞ்சுவர் எழும்பி நிற்கும் மழைக்காட்டில் கண்கண்ட சாட்சி பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இந்த இடத்தில்தான் டி. என். ஏ. பரிசோதனை துணைக்கு வருகிறது. விலங்கு தின்ற தழை செரித்த பின்னும், அதன் பச்சையத் துணுக்குகளில் அடங்கிய டி. என். ஏ. முழுதும் அழிந்துவிடுவதில்லை; சிதைந்த சிறு துண்டுகளாக இலத்தியிலும் புழுக்கையிலும் எஞ்சி நிற்கிறது. ஆராய்ச்சியாளர் புதிய இலத்தியின் உட்பகுதியிலிருந்து சிறிது எடுத்துச் சாராயத்தில் இட்டோ ஈரமுறிஞ்சும் பொருளுடன் உலர்த்தியோ காக்கிறார். மேற்பரப்பில் உதிர்ந்த இலையும் மண்ணும் ஒட்டியிருக்கலாம் என்பதாலேயே உட்பகுதியை நாடுகிறார். பின்னர் ஆய்வுக்கூடத்தில் குறிப்பிட்ட ஒரு துண்டை மட்டும் கோடிக்கணக்கில் பெருக்கி, அதன் எழுத்து வரிசையைப் படித்து, பெயர் தெரிந்த தாவரங்களின் வரிசைகளோடு ஒப்பிடுகிறார். இதற்கேற்ற மிகச் சிறிய துண்டொன்றைப் பியேர் தபெர்லே முதலிய பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 2007இல் எடுத்துக்காட்டினர். 2009இல் தாவரங்களை இனங்காண இரண்டு பொது அடையாளப் பகுதிகளை உலக விஞ்ஞானிகள் பரிந்துரைத்தனர்.

இதன் பயனுக்கு ஓர் உதாரணம் போதும். கென்யா நாட்டின் புல்வெளியில் யானை, எருமை, இருவகை வரிக்குதிரை, மாடு, மான் முதலிய ஏழு விலங்குகளின் சாணத்தை இம்முறையில் சோதித்த முடிவு 2015இல் வெளியாயிற்று. எல்லாம் புல் மேய்வனவே என்று ஒரே கூட்டில் அடைக்கப்பட்டிருந்த விலங்குகள், வெவ்வேறு இனப் புற்களைத் தத்தமக்கெனப் பங்கிட்டுக்கொள்வது அதில் தெரியவந்தது. திறந்த வெளியிலேயே மனிதக் கண் இவ்வளவு தவறுமாயின், மழைக்காட்டைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

ஆயினும் எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணையின்றி ஏற்பது முறையன்று. இச்சாட்சி தாவரத்தின் பெயரைச் சொல்லும். தின்றது இலையா, பட்டையா, கனியா என்று சொல்லாது. படித்த வரிசைகளின் எண்ணிக்கையைத் தின்ற அளவின் எடைக்குச் சமமாகக் கொள்ளவும் கூடாது. நெருங்கிய உறவுடைய இனங்களைப் பிரிக்க ஒரு சிறு துண்டு போதாமலும் போகும். ஆகையால் கண்டதும், ஐசோடோப்பும், டி. என். ஏ.வும் ஒன்றையொன்று தாங்கி நிற்கவேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய குறை வேறொன்று. பெயர் தெரிந்த தாவரங்களின் வரிசை நம் கையில் இல்லையெனில், இலத்தியிலிருந்து கிடைத்த எழுத்துக்கள் அகராதியில்லாத அந்நிய பாஷையாகவே கிடக்கும். அந்த அகராதிக்கு அடிப்படை, பாடம் செய்து பெயரிட்டு வைத்த செடிகளே. திருச்சிராப்பள்ளிவாசிகள் இதில் பெருமை கொள்ள உரிமையுண்டு. மலைக்கோட்டையின் நிழலில் உள்ள தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரச்சாலை 1967இல் நிறுவப்பட்டது. அதை நிறுவிய இயேசு சபைத் துறவி கே. எம். மத்தேயு, தம் மாணாக்கருடன் மலையும் காடும் ஏறித் திரட்டிய செடிகளைக் கொண்டு, தமிழகக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1981 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய நூல் 1999இல் வந்தது. உலர்ந்த இலையிலிருந்தும் டி. என். ஏ.வைப் பிரித்தெடுக்கலாம் என்பதால், அத்தகைய சாலைகளில் உறங்கும் ஒவ்வோர் ஏடும் இன்று புதிய பொருள் பெறுகிறது.

“வயிற்றுக்கில்லாத மனிதர் இருக்க, விலங்கின் வயிற்றை ஆராய்வானேன்?” என்று நண்பர் சிலர் கேட்கலாம். கரும்பும் கேழ்வரகும் இரவில் அழிந்துபோன மலையடிவாரக் குடியானவரைக் கேட்டால் அவரே பதில் சொல்வார். காட்டுப் புல்லைவிடப் பயிர்களில் புரதமும் சுண்ணமும் உப்பும் மிகுதி என்பதைச் சுகுமாரின் ஆராய்ச்சியே காட்டியது. அகழி வெட்டுவதும் மின்வேலி இடுவதும் வாயிலை அடைப்பது மட்டுமே, பசியைத் தணிப்பதாகாது. வெள்ளையர் அழகுக்கெனக் கொணர்ந்த உண்ணிச்செடி இன்று நம் காடுகளில் புல்லை மூடிப் பரந்திருக்கிறது. அதைப் போன்ற அயல்தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கெனத் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கை வகுத்தது. அகற்றிய இடத்தில் எதை வளர்ப்பது? வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் மழைக்காட்டுத் துண்டுகளில் நாட்டு மரங்களை மீண்டும் நட்டு வருகின்றனர். அங்கெல்லாம் விலங்கின் சாட்சியத்தைக் கேட்டு நடுவதற்கும், கேளாமல் நடுவதற்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று.

நாவல் மரத்தடியில் யானை ஈசனை வழிபட்ட ஐதிகத்தைத் தன் பெயரிலேயே தாங்கியது திருவானைக்கா. அவ்வூரையும் அரங்கத்தையும் தழுவியோடும் காவிரியில், ஆனைமலைப் பக்கமிருந்து வரும் அமராவதியும் நீலகிரியிலிருந்து வரும் பவானியும் கலந்திருக்கின்றன. அக்காடு கெட்டால் இந்த நீரும் கெடும். அதன் மரங்களின் விதையைச் சுமந்து விதைப்போர் அந்த மிருகங்களே. ஆகவே நம் கல்லூரிகள் உலர்தாவரச்சாலைகளைக் கண்ணெனக் காக்கட்டும். அவற்றின் ஒவ்வொரு செடிக்கும் டி. என். ஏ. வரிசை எழுதப்படட்டும், வனத்துறை அந்த அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு காட்டை மீட்கட்டும்.  சட்டசபையில் அமர்ந்திருப்போரும் அவர்களை அனுப்பிய நாமும் இக்கோரிக்கையை விடாது எழுப்பவேண்டும். சாட்சி காட்டில் காத்திருக்கிறது. விசாரிக்க வேண்டியது நம் பொறுப்பு.