சமையற்காரரின் மகள் நீதிபதியானார்



அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்களுள் சாட்சிகளை நேரில் விசாரித்து வழக்கை முதலில் ஆராய்வது மாவட்ட நீதிமன்றமாகும். அதன் நீதிபதியை அதிபர் நியமிப்பார். செனட் சபை ஒப்புதல் அளிக்கும். நன்னடத்தை உள்ளவரை பதவி நிலைக்குமாதலின், அவர் எவருக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

அப்பதவியை ஏற்ற முதல் கறுப்பினப் பெண்மணி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி அம்மையார். 1921இல் நியூ ஹேவன் நகரில் பிறந்தார். நீவிஸ் தீவிலிருந்து குடியேறிய பெற்றோரின் 12 பிள்ளைகளுள் இவர் ஒன்பதாமவர். தந்தையார் சமையற்காரர், கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லை. ஒரு கூட்டத்தில் இவர் துணிந்து பேசியதைக் கேட்ட செல்வந்தர் ஒருவர் படிப்புச் செலவை ஏற்றார். 1946இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார்.

வழக்கறிஞரான அம்மையார், கறுப்பின மாணவர்களுக்கு அடைபட்டிருந்த கல்விக்கூடங்களின் கதவுகளைத் திறக்கப் போராடினார். 1962இல் ஜேம்ஸ் மெரிடித் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது இவர் நடத்திய வழக்கின் பயனே. உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய 10 வழக்குகளுள் ஒன்பதில் வென்றார்.

1966இல் அதிபர் ஜான்சன் இவரை நியூயார்க் தென் மாவட்ட நீதிபதியாக நியமித்தார். 1975இல், பெண்களுக்கு வேலையில் பாகுபாடு காட்டியதாக ஒரு நிறுவனத்தின்மீது வழக்கு வந்தது. பெண்ணும் கறுப்பினத்தவருமான இவர் விசாரிப்பது முறையன்று என எதிர்த்தரப்பு வாதிட்டது. எந்த நீதிபதிக்கும் இனமும் பாலும் உண்டல்லவா, அதற்காக விலகுவதென்றால் எவருமே விசாரிக்க இயலாதே எனக் கூறி அம்மையார் மறுத்துவிட்டார். 1982இல் அம்மன்றத்தின் தலைமை நீதிபதியானார், 2005இல் மறைந்தார்.

பெற்றோர்களே! பெண்பிள்ளைதானே என்று படிப்பை நிறுத்திவிடாதீர்கள். அவள் பேசத் துணிந்தால் பேச விடுங்கள். ஏழைக்கும் நீதி கிடைக்க அவள் குரலும் வேண்டும்.