குற்றச்சாட்டில் எவ்வளவு விவரம் இருக்க வேண்டும்?

"நீங்கள் ஈசூனில் திருடினீர்கள்."

யாராவது உங்களிடம் இப்படிச் சொன்னால் முதலில் என்ன கேட்பீர்கள்? எப்போ? எங்கே? எதை?

சட்டமும் அதையேதான் கேட்கிறது. சிங்கப்பூரின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 124ஆவது பிரிவுப்படி, குற்றம் நடந்ததாகக் கூறப்படும் நேரம், இடம், பாதிக்கப்பட்ட நபர் அல்லது சம்பந்தப்பட்ட பொருள் ஆகியவை குற்றச்சாட்டில் இருக்க வேண்டும். தம்மீது என்ன குற்றம் சுமத்தப்படுகிறது என்று அவருக்குத் தெரியும் அளவுக்கு விவரம் போதும். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பதும் இருக்க வேண்டும்.

எப்படிச் செய்தார் என்பதும் வேண்டுமா?

அது குற்றத்தைப் பொறுத்தது. திருட்டு என்றால் எப்படித் திருடினார் என்று எழுத வேண்டியதில்லை. ஏமாற்று என்றால் கட்டாயம் எழுத வேண்டும். "ஏமாற்றினீர்கள்" என்று மட்டும் சொன்னால், நீங்கள் பேசியதில் எதைப் பொய் என்கிறார்கள் என்று தெரியாமல் எப்படிப் பதில் சொல்வீர்கள்? இந்த 2 உதாரணங்களும் சட்டத்திலேயே உள்ளன. இந்தியச் சட்டத்திலும் இதே உதாரணங்கள்தான்! எல்லாம் பிரிட்டிஷ் காலத்து வேர்.

சரி, ஆதாரத்தையும் முன்கூட்டியே கேட்கலாமா?

முன்னாள் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரனின் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2024 ஜனவரியில் அவர்மீது 27 குற்றச்சாட்டுகள், மார்ச்சில் மேலும் 8. நாடக டிக்கெட், ஃபார்முலா 1 டிக்கெட், விஸ்கி, பிராம்ப்டன் சைக்கிள் என எந்தப் பொருள் என்பது அவற்றில் இருந்தது. ஆனால் அவருடைய வழக்கறிஞர்கள் கேட்டது வேறு. அரசாங்கத் தரப்புச் சாட்சிகள் எல்லாருடைய வாக்குமூலங்களும் விசாரணைக்கு முன்பே வேண்டும் என்றார்கள்.

உயர் நீதிமன்றம் ஜூலையில் மறுத்தது. ஒவ்வொரு சாட்சிக்கும் முன்கூட்டியே வாக்குமூலம் தயாரித்துத் தரச் சட்டம் சொல்லவில்லை என்பது அதன் முடிவு. மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் பலன் இல்லை. அதாவது, எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதைக் குற்றச்சாட்டு சொல்லிவிட வேண்டும். சாட்சி என்ன சொல்லப்போகிறார் என்பதைக் குற்றச்சாட்டில் தேட முடியாது.

குற்றச்சாட்டு பாதியில் மாறலாமா?

மாறலாம். விசாரணை தொடங்கவிருந்த செப்டம்பர் 24ஆம் தேதி, திரு. ஈஸ்வரன் மீதான 2 ஊழல் குற்றச்சாட்டுகள் தண்டனைச் சட்டத்தின் 165ஆவது பிரிவுக்கு மாற்றப்பட்டன. அவர் 5 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். அக்டோபர் 3ஆம் தேதி 12 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மாற்றிய குற்றச்சாட்டையும் படித்து விளக்க வேண்டும்.

தேதி தப்பாக இருந்தால் வழக்கு அவ்வளவுதானா? பலர் அப்படி நினைக்கிறார்கள். இல்லை. 127ஆவது பிரிவின்படி, அந்தப் பிழை குற்றஞ்சாட்டப்பட்டவரை உண்மையிலேயே தவறாக வழிநடத்தியிருந்தால்தான் அது பெரிதாகும்.

வீட்டில் அப்பாவுக்கோ பாட்டிக்கோ ஆங்கிலக் கடிதம் வந்தால் படித்துச் சொல்வது பெரும்பாலும் நீங்கள்தானே? இந்தத் தாளுக்கு மட்டும் அந்தப் பொறுப்பு முழுவதும் உங்களுடையது அல்ல. நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன், "எனக்குப் புரியல" என்று தயங்காமல் சொல்லலாம்.