ஒரு சாப்ட்வேர், மூன்று சர்வர்

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு கடிதம். ஆர்டர், ஸ்டாக், பில் எல்லாவற்றையும் ஒரே வெப் அப்ளிகேஷனில் கொண்டுவரப் போகிறார்களாம். எழுதித் தருகிறவர்கள், புரோகிராம் எழுத ஓரிடம், சோதிக்க ஓரிடம், நிஜ வியாபாரம் ஓட ஓரிடம் என்று மூன்று வாடகைச் சர்வர்களைத் தனித்தனியே கேட்கிறார்கள். ‘ஒரு சாப்ட்வேருக்கு எதற்கு மூன்று வாடகை?’ என்கிறாராம் முதலாளி.

என் சித்தப்பா வாணியம்பாடி டேனரி ஒன்றில் சாயப் பிரிவில் இருந்தார். புதுச் சாயம் வந்தால் பெரிய டிரம்மில் போட விடமாட்டார். ஒரு மாட்டுத்தோலை முதுகுவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதிக்குப் பழைய பக்குவம், மறு பாதிக்குப் புதியது என்று சின்ன சாம்பிள் டிரம்களில் ஓட்டிப் பார்ப்பார். ஒரே மாட்டின் தோல் என்பதால் நிறம் மாறினால் தோல்மேல் பழி போட முடியாது. சாம்பிளில் சரியாக வந்த நிறம் பெரிய டிரம்மில் திட்டுத்திட்டாக வருவதும் உண்டு. அங்கே சுமை வேறு, தண்ணீர் வேறு, தோல் புரளும் விதமும் வேறு.

லேப்டாப்பில் சரியாக ஓடிய புரோகிராம் நிஜ சர்வரில் தடுமாறுவதும் அப்படித்தான். ஆகவே சோதனைச் சர்வரில் டேட்டாபேஸ் பதிப்பு முதல் அமைப்புகள் வரை எல்லாம் நிஜ சர்வரில் உள்ளபடியே இருக்க வேண்டும். வாடகைக்குப் பயப்பட வேண்டாம். சோதனைச் சர்வரை வேலை நேரத்துக்கு மட்டும் எடுத்து, இரவில் நிறுத்திவைக்கலாம்.

உங்கள் தொழிலையும் தொடும் ஒரு விசித்திரத்தைச் சொல்கிறேன். எனக்கு இதில் தீராத வியப்பு. 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் கட்டாயம். ஏற்றுமதி பில்லுக்கும் உண்டு. பில்லை அரசுத் தளத்துக்கு அனுப்பினால் 64 எழுத்துகள் கொண்ட ஐஆர்என் என்ற அடையாள எண் திரும்பி வரும். அது நான்கே விவரங்களிலிருந்து பிறக்கிறது: விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண். சரக்கு என்ன, தொகை எவ்வளவு, வாங்குபவர் யார் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது!

விளைவைப் பாருங்கள். ‘சும்மா சோதிக்கிறேன்’ என்று ஒரு ரூபாய்க்குப் போட்ட பில் நிஜத் தளத்துக்குப் போய்விட்டால், அதே பில் எண்ணில் வரும் 40 லட்ச ரூபாய் பில்லை அந்தத் தளம் நகல் என்று திருப்பிவிடும். 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். ஆனாலும் அந்த எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. இதற்காகவே தேசியத் தகவல் மையம் சாண்ட்பாக்ஸ் என்ற தனிச் சோதனைத் தளத்தை வைத்திருக்கிறது. அதன் முகவரியும் கடவுச்சொல்லும் சோதனைச் சர்வரில் மட்டும் இருக்கட்டும். நிஜத் தளத்தின் கடவுச்சொல் அங்கே இருக்கவே கூடாது.

மனத்தை வருத்தும் விஷயம் ஒன்று உண்டு. சோதனைக்கு டேட்டா வேண்டும் என்றதும் நிஜ டேட்டாபேஸை அப்படியே நகலெடுத்து வைத்துவிடுகிறார்கள். தையல் பிரிவில் உட்கார்ந்து ஷூவின் அப்பர் தைக்கும் பெண்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, சம்பளம் எல்லாம் யார் யாரோ நுழையும் சர்வரில் கிடக்கின்றன. அந்தப் பெண்கள் இதற்குச் சம்மதிக்கவில்லை. அவர்களை யாரும் கேட்கவும் இல்லை. பெயரையும் எண்ணையும் மாற்றிப் போட ஒரு நாள் வேலைதான். அந்த ஒரு நாளைக் கொடுக்க மறுப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பிரித்து வைத்த பிறகும் கவனம் வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற சாப்ட்வேர் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், துணை டேட்டாபேஸ் சர்வரில் இருப்பதாக நினைத்து முதன்மைச் சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிபி போயிற்று. சுமார் ஆறு மணி நேரத் தரவை மீட்கவே முடியவில்லை. இரண்டுமே நிஜ சர்வர்கள்தான். ஆனால் கட்டளை கொடுக்கும் கறுப்புத் திரையில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரிவதில்லை. பிறகு அவர்கள் எழுதிவைத்த திருத்தங்களில் ஒன்று: நிஜ சர்வரின் கட்டளை வரி சிவப்பில், சோதனைச் சர்வருடையது மஞ்சளில் தெரிய வேண்டும். உங்கள் பில் போடும் திரையின் மேல்விளிம்பிலும் இப்படி ஒரு நிறப்பட்டை போடச் சொல்லுங்கள்.