உடம்படுமெய்யும் இறப்பர்ப் பாலும்

நான் இலக்கணம் படித்தவன். கீழைத்தேயக் கல்லூரியொன்றிலே நன்னூலையும் தொல்காப்பியத்தையும் முறையாகப் பாடங் கேட்டு, முப்பது ஆண்டுகளாக அவற்றையே பிள்ளைகளுக்குச் சொல்லிவருபவன். விஞ்ஞானத்தோடு எனக்குள்ள உறவு, அடுத்த தெருக்காரரோடு உள்ள உறவு. கண்டால் புன்னகை செய்வதுண்டு, வீட்டுக்குள்ளே போய் இருந்ததில்லை. இப்படிப்பட்டவன் கலமென்சவ்வைப் பற்றியும் அதனை ஆக்கும் பொசுபோலிப்பிட்டைப் பற்றியும் எழுதப் புகுந்தது ஏன் என்று அன்பர்கள் கேட்கலாம். குருவிட்டப் பகுதித் தோட்டமொன்றிலே இறப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள், என்னைக் கைபிடித்து அந்த வீட்டுக்குள்ளே அழைத்துப் போனாள். அதுவே காரணம்.

அவள் உயர்தர வகுப்பிலே உயிரியல் படிக்க விரும்பினாள். தமிழ்மொழியிலே அதைக் கற்பிக்க ஆசிரியர் இல்லை. சப்ரகமுவத் தோட்டப் புறங்களை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. "கலைப்பிரிவிலே சேர்ந்துவிடு பிள்ளை, தமிழை நான் சொல்லித் தருகிறேன்" என்றேன். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னேன். அவள் மறுத்துப் பேசவில்லை. கையிலிருந்த புத்தகத்தை விரித்து, "இந்த ஒரு பக்கத்தை மட்டும் விளங்கப்படுத்துங்கள் ஐயா. எனக்கு விளங்காவிட்டால் கலைப்பிரிவுக்கே வந்துவிடுகிறேன்" என்றாள்.

அந்தப் பக்கத்திலே 'நீர்நாட்டமுள்ள தலை', 'நீர்வெறுப்புள்ள வால்', 'இருபடை' என்று எழுதியிருந்தது. எல்லாம் தமிழ்ச் சொற்கள். ஒவ்வொன்றையும் பகுதி விகுதி பிரித்து என்னால் சொல்ல முடியும். பொருள் மட்டும் பிடிபடவில்லை. அவளுக்கு விளங்கவைக்க வேண்டுமானால் முதலில் நான் மாணவனாக வேண்டும் என்று கண்டுகொண்டேன். ஒரு வாரம் தவணை கேட்டேன்.

ஒரு வாரத்திலே நான் கற்றது இது. பொசுபோலிப்பிட்டு கொழுப்பு இனத்தைச் சேர்ந்தது. அவ்வினத்திற் பெரும்பாலானவற்றின் நடுவிலே கிளிசரோல் இருக்கிறது. கிளிசரோலை மூன்று கைகளுடைய ஒருவனாகக் கொள்க. நாம் உண்ணும் எண்ணெயிலே அவன் மூன்று கைகளாலும் மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகளைப் பிடித்திருக்கிறான். பொசுபோலிப்பிட்டிலோ இரண்டு கைகளில் மட்டுமே கொழுப்பமிலம். மூன்றாவது கையிலே பொசுபேற்று. அந்தப் பொசுபேற்றோடு கோலின் போன்ற மற்றொரு கூறு. கொழுப்பமில வால்கள் எண்ணெயின் உறவு, நீரோடு சேரா. பொசுபேற்றுத் தலை மின்னேற்றம் உடையது. நீரை விட்டுப் பிரியாது. ஓருடம்பிலே இரண்டு இயல்புகள்.

இதை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. 'மணி' என்பதன் ஈற்றிலே உயிர். 'அடி' என்பதன் முதலிலே உயிர். இரண்டு உயிர்கள் ஒட்டி நில்லா. இடையிலே யகரமெய் ஒன்று தோன்றி 'மணியடி' என்று இணைத்துவைக்கிறது. 'திரு'வும் 'அரு'ளும் சேருமிடத்திலே வகரமெய் வருகிறது, 'திருவருள்' ஆகிறது. உடன்படாத இரண்டை உடன்படுத்தும் அந்த எழுத்துக்கு உடம்படுமெய் என்று பெயர். எண்ணெயும் நீரும் உடன்படா. பொசுபோலிப்பிட்டு அவற்றினிடையே நின்று உடன்படுத்துகிறது. "அப்படியானால் இதுவும் ஓர் உடம்படுமெய் ஐயா" என்று அவளே முந்திக்கொண்டாள். முப்பது ஆண்டுகளாகக் கற்பித்த சூத்திரத்தை அன்றுதான் நான் கற்றேனோ என்று தோன்றியது.

அடுக்களையிலும் இதைக் காணலாம். முட்டையின் மஞ்சட்கரு எண்ணெயையும் நீரையும் கலந்து பிரியாமல் நிறுத்தும். பிரான்சு நாட்டு மருந்தாளர் கோப்லி என்பவர் 1846ஆம் ஆண்டு மஞ்சட்கருவிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். 1850ஆம் ஆண்டு, மஞ்சட்கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்கு லெசித்தின் என்று பெயரிட்டார். பொசுபோலிப்பிட்டுகளிலே பெயர் பெற்றது அதுவே.

இனி, இருபடை என்பது யாது? கலத்துக்கு வெளியிலும் நீர், உள்ளிலும் நீர். நடுவிலே நிற்கும் பொசுபோலிப்பிட்டுகள் தலைகளை நீர்ப்பக்கம் காட்டவேண்டும். வால்களை நீர் படாமல் மறைக்கவேண்டும். ஒரே வரிசையாக நின்றால் ஒருபக்கத்து நீரில் வால் படும். ஆதலால் இரண்டு வரிசையாகி, வாலோடு வால் சேர்த்து, தலைகளை இருபுறமும் காட்டி நிற்கின்றன. இவ்வாறு நிற்க அவற்றை யாரும் ஏவுவதில்லை. நீரிலே இட்டால் தாமே அணிவகுத்துக்கொள்கின்றன. அந்த அணியின் தடிப்பு, ஒரு மில்லிமீற்றரை 2 இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறளவு.

ஒல்லாந்து தேசத்திலே கோட்டர், கிரென்டல் என்னும் இருவர் 1925ஆம் ஆண்டு இதை அளந்து காட்டினர். குருதியின் செங்குழியங்களிலிருந்து கொழுப்பைப் பிரித்து, நீரின்மேல் ஒரே படையாகப் பரப்பினர். அது பரந்த இடம், அச்செங்குழியங்களின் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்காக இருந்தது. ஆகவே மென்சவ்வு இரண்டு படை என்று துணிந்தனர். அவர்களுடைய கணக்கிலே இரண்டு பிழைகள் இருந்தன என்றும், அவை ஒன்றையொன்று ஈடுசெய்தமையால் விடை சரியாக வந்தது என்றும் பின்வந்தோர் கண்டனர். கணக்கு வாத்தியாரிடம் இப்படித் தப்பிய மாணவர்களை நாமும் அறிவோம்!

இந்த மென்சவ்வைக் கற்சுவராக எண்ணிவிடக் கூடாது. பொசுபோலிப்பிட்டுகள் தத்தம் படையிலே இடையறாது நகர்ந்துகொண்டிருக்கின்றன. நுவரெலியாக் குளிரிலே தேங்காயெண்ணெய் போத்தலில் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. முன்னதன் கொழுப்பமிலங்களிற் பெரும்பாலானவை நேரானவை, நெருங்கி அடுக்குகின்றன. பின்னதிலே வளைந்தவை மிகுதி, நெருங்க முடிவதில்லை. மென்சவ்வும் வளைந்த வால்களைத் தக்க அளவிலே கொண்டு, உறையாமலும் சிதறாமலும் இருக்கிறது. அந்த நெகிழ்ந்த படையிலே புரதங்கள் தோணிபோல மிதக்கின்றன என்று சிங்கர், நிக்கல்சன் என்போர் 1972ஆம் ஆண்டு விளக்கினர. ஒட்சிசன் தானே உட்புகும். உப்பின் அயன்களோ புரத வாயில்களின் வழியாகத்தான் போகவேண்டும். உயிருக்கு வேண்டியது வேலி மட்டுமன்று; படலையும் வேண்டும்.

இவ்வளவும் கேட்டுவிட்டுப் பிள்ளை சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு கேட்டாள்: "ஐயா, அப்பா கொண்டுவரும் பாலிலே இறப்பர் துளிதுளியாக மிதக்கிறது என்கிறார்கள். வெளியிலே நீர். உள்ளே இறப்பர்தானே, நீர் இல்லையே. அப்படியானால் அந்தத் துளிக்கு ஒரு வரிசை போதாதா?"

புத்தகத்தின் அந்தப் பக்கத்திலே இதற்கு விடை இல்லை. என்னிடத்திலும் இல்லை. இறப்பர் ஆராய்ச்சியோடு தொடர்புடைய அன்பர் ஒருவரிடம் கேட்டேன். அவர் வியந்து, "இதைக் கேட்டது யார்?" என்றார். ஆராய்ச்சியாளர் கொள்கையும் அதுவே. இறப்பர்த் துகள் ஒவ்வொன்றையும் பொசுபோலிப்பிட்டும் புரதமும் சேர்ந்த ஒற்றைப்படை மூடியிருக்கிறது. வால்கள் உள்ளேயுள்ள இறப்பரை நோக்குகின்றன. தலைகள் வெளியேயுள்ள நீரை நோக்குகின்றன. அப்போர்வையின் எதிர் மின்னேற்றத்தால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. பால் பாலாகவே இருப்பது அதனால்தான். தொழிற்சாலையிலே போமிக்கமிலத்தை விட்டால் அந்த மின்னேற்றம் அடங்குகிறது, துகள்கள் கூடுகின்றன, பால் உறைகிறது. அமோனியாவை விட்டாலோ பால் உறையாமல் நாள்பட நிற்கிறது. அமோனியா பற்றீரியாக்களை அடக்குவதோடு, காலப்போக்கிலே பொசுபோலிப்பிட்டைச் சிதைக்கவும் செய்கிறது. சிதைவிலே பிறக்கும் சவர்க்காரம் துகளைச் சூழ்ந்து, போன காவலனுடைய இடத்திலே தானே காவல் நிற்கிறது.

1876ஆம் ஆண்டு இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடைத் தோட்டத்திலே நடப்பட்டன. அகலவத்தையிலே இறப்பர் ஆராய்ச்சி நிறுவகமும், இதே குருவிட்டயிலே அதன் உபநிலையமும் உள்ளன. பால் வெட்டுவோர் பலர் மூன்று நான்கு தலைமுறைகளாக அந்தப் பாலோடு வாழ்பவர்கள். ஆனால் அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்தப் பாலின் கதையை அவர்களுடைய மொழியிலே சொல்ல ஆளில்லை. இதை எண்ணியபோது, நான் முன்பு சொன்ன புத்திமதி எனக்கே கசந்தது.

மறுவாரம் விடியற்காலையிலே அவளுடைய தந்தையார் வேலை செய்யும் மலைக்குப் போனேன். மரத்தின் பாற்குழாய்களிலே அழுத்தம் மிகுந்திருப்பது அந்நேரத்தில்தான். அவர் பட்டையை இழைத்த மாத்திரத்திலே பால் துளிர்த்து, சரிந்த கோட்டின் வழியே சிரட்டையிலே வீழ்ந்தது. "எவ்வளவு நேரம் ஓடும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு மணித்தியாலம், கூடுனா மூணுங்க ஐயா. காயம் எங்க இருக்குன்னு மரத்துக்குத் தெரியும். அதுவே வாய மூடிக்கும்" என்றார்.

அவர் சொன்னதிலே பிழையில்லை. பாலிலே இறப்பர்த் துகளோடு லூற்றோயிட்டு என்னும் நுண்ணிய பைகளும் மிதக்கின்றன. அவற்றுக்குள்ளே நீர்மம் இருப்பதால் அவற்றின் மென்சவ்வு இருபடையானது. வெட்டுவாயிலே அவை உடைகின்றன. உள்ளிருந்த புரதங்களும் நேர் அயன்களும் வெளிப்பட்டு இறப்பர்த் துகள்களை ஒன்றுசேர்க்கின்றன. குழாயின் வாய் அடைபடுகிறது. வெட்டிலே காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை மறுமுறை வெட்டுமுன் அவர் உரித்தெடுப்பது இதனால்தான்.

அவருடைய பெருவிரலிலே பழைய கத்திக் காயத்தின் தழும்பு ஒன்று இருந்தது. அந்தக் காயத்தை மூடியதும் இவ்வினப் பொருளே. நம் கலங்களின் மென்சவ்விலே பொசுபற்றிடைல் செரீன் என்னும் பொசுபோலிப்பிட்டு உட்படையிலே ஒதுங்கியிருக்கும். காயம் பட்டவுடன் குருதிச் சிறுதட்டுக்களிலே அது வெளிப்படைக்குத் திரும்புகிறது. உறைதற் புரதங்கள் கல்சியத்தின் துணையோடு அதன்மேலே கூடுகின்றன, குருதி உறைகிறது. இனி, விடியுமுன் மலையேறுவோர் அஞ்சும் விரியனின் நஞ்சிலே, பொசுபோலிப்பிட்டின் ஒரு வாலை மட்டும் வெட்டிவிடும் நொதியம் உண்டு. ஒற்றை வாலோடு நிற்பது படையிலே பொருந்தி நில்லாது, மென்சவ்வு குலைகிறது. மரத்தின் காயம், மனிதன் காயம், பாம்பின் கடி ஆகிய மூன்றும் அந்த மெல்லிய படையின் கதைகளே.

திரும்பி வந்து பிள்ளையிடம், "கலைப்பிரிவுக்கு நீ வரவேண்டாம்" என்றேன். அவள் சிரித்தாள். இப்பொழுது வார இறுதிகளிலே பேருந்தேறித் தொலைவிலுள்ள வகுப்புக்குப் போய்வருகிறாள். இடைநாட்களிலே புத்தகத்தை இருவரும் சேர்ந்து படிக்கிறோம். அவளுக்குச் சொல் தட்டினால் நான், எனக்குப் பொருள் தட்டினால் அவள்.

அண்மையிலே அவளுடைய குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தேன். பொசுபோலிப்பிட்டு என்று எழுதி, பக்கத்திலே அடைப்புக்குறிக்குள் உடம்படுமெய் என்று எழுதியிருந்தாள். "பரீட்சையிலே இப்படி எழுதிவிடாதே பிள்ளை, புள்ளி போய்விடும்" என்று எச்சரித்தேன்.

"தெரியும் ஐயா. இது எனக்கு" என்றாள்.