சின்னஞ்சிறு பேழையும் அதன் சாரதியும்

சென்ற தவணையின் இறுதி வாரத்தில் ஒரு நாள் பிற்பகல். மாணவர் கலைந்து சென்றபின் ஆசிரியர் அறையில் அமர்ந்து விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். சீனன்குடாவிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வந்து படிக்கும் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் வாயிலில் வந்து நின்றான். அவனுடைய உள்ளங்கையில் பெருவிரலளவே உள்ள ஒரு சிறு பேழை இருந்தது. இன்று சிறுவரும் அறிந்த 'பென் டிரைவ்' தான் அது.

"சேர், இதற்குள் அம்மம்மாவின் குரல் இருந்தது. இப்போது திறந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை" என்றான். குரல் தழுதழுத்தது.

அவனுடைய அம்மம்மா, 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய காலையில் ஏழு வயதுச் சிறுமியாக இருந்தவர். சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கி ஒன்று அன்று பற்றியெரிந்த கதையை அவர் நாற்பது நிமிடம் சொல்ல, பேரன் அதைக் கைப்பேசியிற் பதிவு செய்திருந்தான். மூதாட்டியார் காலமாகி ஆறு மாதமாகின்றது. கைப்பேசியில் இடம் போதாமையால், ஒலிப்பதிவைக் கணினி வழியாகப் பென் டிரைவுக்கு மாற்றினான். திரையில் 'முடிந்தது' எனக் கண்டதும் கைப்பேசியில் இருந்த பிரதியை அழித்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பென் டிரைவை அப்படியே பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

"முடிந்தது என்று கணினிதானே சொன்னது, சேர்? கணினி பொய் சொல்லுமா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. இதற்கு விடை காண வேண்டுமாயின், கணினிக்கும் பேழைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் நின்று ஊழியம் செய்யும் ஒருவனை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அவனை ஆங்கிலத்தில் 'டிவைஸ் டிரைவர்' என்பர். நாம் 'சாதன இயக்கி' என்கிறோம். சாரதி என்றாலும் பிழையில்லை.

கப்டனும் வழிகாட்டியும்

சீனன்குடாவின் மாவாலைக்குக் கோதுமை ஏற்றிவரும் கப்பல்களை நம் ஊரார் பலரும் கண்டிருப்பர். பெருங்கடல்களைக் கடந்துவரும் கப்டன் எத்துணை வல்லவரேயாயினும், உலகிலுள்ள ஒவ்வொரு துறைமுகத்தின் ஆழத்தையும் பாறையையும் அறிந்திருத்தல் இயலாது. ஆகையால் துறைமுக வாயிலில் அந்நீரை நன்கறிந்த வழிகாட்டி ஒருவரை ஏற்றிக்கொள்வது கடலோடிகளின் வழக்கம். அவரைப் 'பைலட்' என்பர். கப்டன் போக வேண்டிய இடத்தைச் சொல்வார். போகும் வழியைப் பைலட் சொல்வார்.

கணினியின் கப்டன், 'ஒப்பரேற்றிங் சிஸ்டம்' எனப்படும் பணிசெயல் முறைமை. விண்டோஸ், லினக்ஸ் என்பன அவ்வகையின. அதனோடு வந்து இணையும் அச்சுப்பொறி, கமெரா, பென் டிரைவ் ஆகியன ஒவ்வொன்றும் ஒரு துறைமுகம் போன்றது. "இந்த ஒலிப்பதிவைச் சேமித்து வை" என்று மட்டுமே பணிசெயல் முறைமை கட்டளையிடும். அக்கட்டளையைக் குறித்த சாதனம் விளங்கிக்கொள்ளும் மொழியில் மாற்றிச் சொல்வதும், சாதனம் தரும் மறுமொழியைத் திரும்பக் கொணர்வதும் இயக்கியின் கடமை.

முற்காலத்தில் ஒவ்வொரு சாதனத்துக்கும் வெவ்வேறு செருகி, வெவ்வேறு மொழி. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க எழுந்ததே யூஎஸ்பி என்னும் பொது முறை. அதன் முதலாம் பதிப்பு 1996 ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்தது. அதனை உருவாக்கிய இன்டெல் குழுவில் முதன்மையானவர், பரோடாவிற் பயின்ற அஜய் பட் என்னும் இந்தியர். 2000 ஆம் ஆண்டளவில் சிங்கப்பூரின் ட்ரெக் நிறுவனமும் இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் நிறுவனமும் பென் டிரைவைச் சந்தைக்குக் கொணர்ந்தன. தொடக்கத்தில் அதன் கொள்ளளவு 8 மெகாபைட் மாத்திரமே!

31 எழுத்துச் சீட்டு

பென் டிரைவைச் செருகியவுடன் நிகழ்வது யாது? "நீ யார்?" என்று கணினி வினவுகின்றது. பேழை தன்னை ஆக்கிய நிறுவனத்தின் எண்ணையும், தன் வகை எண்ணையும், தான் எவ்வினத்தைச் சேர்ந்ததென்பதையும் கூறுகின்றது. சேமிப்புச் சாதனங்களின் இன எண் 8. அவ்வெண்ணைக் கண்டதும் பணிசெயல் முறைமை அதற்குரிய இயக்கியை அழைத்துப் பொறுப்பை ஒப்படைக்கின்றது.

அதன்பின் நடக்கும் உரையாடலை ஒரு பண்டகசாலையின் சீட்டு முறைக்கு ஒப்பிடலாம். இயக்கி முதலில் 31 பைட் நீளமான கட்டளைச் சீட்டு ஒன்றை அனுப்பும். யூ, எஸ், பி, சி என்னும் நான்கு எழுத்துக்களாலான முத்திரை, சீட்டின் தொடரெண், எடுக்க அல்லது வைக்க வேண்டிய சரக்கின் அளவு, அது செல்லும் திசை, இறுதியிற் கட்டளை ஆகியன அதில் ஒழுங்காக அமைந்திருக்கும். அடுத்து, சரக்கு பரிமாறப்படும். முடிவில் பேழை 13 பைட் நீளமான மறுசீட்டு ஒன்றைத் தரும். அதில் அதே தொடரெண் இருத்தல் வேண்டும். கடைசி பைட் பூச்சியமாயின் வேலை செவ்வனே முடிந்தது என்பது பொருள். ஒன்றாயின் கட்டளை நிறைவேறவில்லை. இரண்டாயின் இருவருக்குமிடையே ஒழுங்கு குலைந்துவிட்டது, உறவை முதலிலிருந்து தொடங்குக என்பது பொருள்.

இவ்வளவும் மறைபொருள் அன்று. யாவரும் இலவசமாகப் பெற்றுப் படிக்கத்தக்க ஒரு சிறு ஆவணத்தில் வெளியிடப்பட்டிருக்கின்றது. அதன் முகப்பில் அச்சாகியிருக்கும் திகதியோ '1999 செப்ரெம்பர் 31'! செப்ரெம்பருக்கு 31 ஆந் திகதி ஏது என்று நீங்கள் நகைக்கலாம். உலகம் முழுவதும் பின்பற்றும் விதியை எழுதியவர்களும் நம்மைப்போல் தவறக்கூடிய மனிதரே என்பதற்கு அது ஒரு சான்று.

தொண்ணூற்றொன்பது தாங்கிகள்

இனி, இயக்கியை எழுதுவோர் இடறி விழும் இரண்டு குழிகளைக் காண்போம். முதலாவதை விளக்கச் சீனன்குடாவிலேயே சான்று உண்டு.

இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரித்தானியர் அங்கே எண்ணெய்த் தாங்கிகளை நிறுவினர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 2022 ஆம் ஆண்டு சனவரியில் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின்படி 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐஓசி நிறுவனத்துக்கும், 61 இவ்விரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் பகிரப்பட்டன. ஆக மொத்தம் 99.

பென் டிரைவும் இத்தகைய தாங்கிகளின் வரிசையே. பெரும்பாலும் 512 பைட் கொள்ளும் சிறு கட்டங்களாக அது பகுக்கப்பட்டிருக்கும். ஆனால் கணினி பூச்சியத்திலிருந்து எண்ணும். நம் தாங்கிகளுக்கு அவ்வாறு இலக்கமிட்டால் முதலாவது 0, கடைசியானது 98. "உன் கொள்ளளவு யாது?" என்று இயக்கி கேட்கும்போது, கடைசிக் கட்டத்தின் இலக்கத்தைச் சொல்ல வேண்டும் என்பது விதி, அதாவது 98. சில உற்பத்தியாளர்கள் விதியைத் தவறாக விளங்கி, மொத்தத் தொகையாகிய 99 ஐச் சொல்லும்படி சாதனங்களைச் செய்துவிட்டனர். அதனை நம்பிய இயக்கி இல்லாத கட்டத்தைத் திறக்கச் சொல்லும். பேழையோ திகைத்து உறைந்துபோகும்.

1999 ஆம் ஆண்டு முதல் லினக்ஸின் யூஎஸ்பி சேமிப்பு இயக்கியை வளர்த்தெடுத்த மத்தியூ டார்மும், அதனைப் பேணிய அலன் ஸ்டேர்ன் முதலியோரும் இதற்கெனத் தனிப் பட்டியல் ஒன்றையே வைத்தனர். விதி தவறும் சாதனங்கள் நூற்றுக்கணக்கில் அதிற் பதியப்பட்டுள்ளன. 'இன்னவன் ஒன்றைக் கூட்டிச் சொல்வான், குறைத்துக்கொள்க' என்பது போன்ற குறிப்புகள் அவற்றின் எதிரே உண்டு. பல நாடுகளிலிருந்து அன்பர்கள் தம் கைப்பட்ட அனுபவத்தை எழுதி அனுப்ப அனுப்ப வளர்ந்த பட்டியல் அது.

இடம் மாறிய எண்

இரண்டாவது குழி எண்களை எழுதும் வரிசை. குண்டு வீழ்ந்த நாளை நாம் 9-4-1942 என எழுதுவோம். அமெரிக்கர் 4-9-1942 என எழுதுவர். ஒருவர் எழுதியதை மற்றவர் தம் வழக்கப்படி வாசித்தால் ஏப்பிரல் செப்ரெம்பராகிவிடும்.

பென் டிரைவின் சீட்டிலும் இதே சங்கடம் உண்டு. சீட்டின் வெளிப்பகுதியில் எண்ணின் சிறிய கூறு முதலில் வரும். உள்ளே இருக்கும் கட்டளையோ 1986 இல் விதியாக்கப்பட்ட 'ஸ்கஸி' என்னும் பழைய முறையின் வாரிசு. அதில் பெரிய கூறு முதலில் வரும். ஒரே சீட்டில் இரு வழக்கங்கள்! இதனை மறந்த ஒருவர் 1000 ஆவது கட்டத்தைக் கேட்பதாக எண்ணி எழுதினால், அது 389,25,10,720 ஆவது கட்டமாக வாசிக்கப்படும். அத்தகைய கட்டம் பேழையில் இல்லையாயின் நல்லூழ். மறுசீட்டு பிழையென்று சொல்லும். இருந்துவிட்டாலோ, பிறிதொருவருடைய கலியாணப் படத்தின் மேலே நம் கணக்கு எழுதப்பட்டுவிடும்.

இயக்கி தவறினால் வருங் கேடு சிறிதன்று. பெரும்பாலான இயக்கிகள் பணிசெயல் முறைமையின் அகக்கருவிலேயே தங்கி இயங்குவன. சாதாரண மென்பொருள் பழுதானால் அது மட்டும் நின்றுவிடும்; அகக்கருவில் இருப்பது பழுதானால் கணினி முழுவதுமே வீழும். 2024 ஆம் ஆண்டு ஜூலை 19 ஆந் திகதி, கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பழுதான புதுப்பிப்பு ஒன்றை அகக்கருவில் இருந்த அதன் இயக்கி வாசித்தது. மைக்ரோசொப்ட் மதிப்பீட்டின்படி ஏறக்குறைய 85 இலட்சம் கணினிகள் செயலற்றன, விமானங்கள் நின்றன, வைத்தியசாலைகள் தடுமாறின.

கணினி பொய் சொன்னதா?

இப்போது மாணவனின் கேள்விக்கு வருவோம். பென் டிரைவில் எழுதுவது மெதுவான வேலை. ஆகையாற் பணிசெயல் முறைமை, எழுத வேண்டியதைத் தன் நினைவகத்தில் முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாக இயக்கியிடம் கொடுக்கும். 'முடிந்தது' என்று திரையில் வந்தது, 'நான் பெற்றுக்கொண்டேன்' என்னும் பொருளிலேயே. 'பேழையில் வைத்தாயிற்று' என்று அது சொல்லவில்லை. 'பாதுகாப்பாக அகற்றுக' என்னும் கட்டளையை நாம் இடும்போதுதான், எஞ்சியவை யாவும் இயக்கியிடம் ஒப்படைக்கப்படும். அதுவும் அவற்றை அனுப்பி, பேழை தன்னகத்தே தற்காலிகமாக வைத்திருப்பதையும் எழுதி முடிக்கும்படி பணித்து, இறுதி மறுசீட்டைப் பெற்றபின்பே 'இனி எடுக்கலாம்' என்று விடை கொடுக்கும். 2018 இல் வெளிவந்த பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 புறச் சாதனங்களில் உடனுக்குடன் எழுதுவதையே இயல்பான முறையாகக் கொண்டது. ஆயினும் எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் எந்த முறையும் காப்பாற்றாது. எங்கள் கூடத்துக் கணினியோ லினக்ஸில் இயங்குவது.

ஆகவே கணினி பொய் சொல்லவில்லை. அதன் சொல்லை நாம் முழுமையாக விளங்கிக்கொள்ளவில்லை. இதை மாணவனுக்குச் சொல்லியபோது எனக்கே வெட்கமாயிற்று. ஆண்டுதோறும் இப்பாடத்தைக் கற்பிப்பவன் நான். 'பாதுகாப்பாக அகற்றுக' என்பதைப் பரீட்சை விடையாகச் சொல்லிக் கொடுத்தேனேயன்றி, அது எதற்காக என்று ஒரு நாளும் விளக்கியதில்லை.

மீட்பு மென்பொருளைக் கொண்டு இருவரும் அன்று மாலை முழுவதும் பேழையைத் துழாவினோம். நாற்பது நிமிடத்தில் முதற் பதினொரு நிமிடம் மட்டும் கிடைத்தது. தாங்கி பற்றியெரியும் பகுதி வருவதற்கு முன்பே குரல் நின்றுவிட்டது.

நாமும் எழுதலாமா?

"சேர், இந்த இயக்கிகளை யார் எழுதுகிறார்கள்? நாங்களும் எழுதலாமா?" என்று அவன் சில நாள் கழித்துக் கேட்டான். எழுதலாம். லினக்ஸின் மூலநிரல் யாவரும் வாசிக்கத் திறந்து கிடக்கின்றது. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை நம் கரையை அழித்தபோது, நிவாரணப் பணிக்கென இலங்கை இளைஞர் ஆக்கிய 'சஹானா' என்னும் திறந்த மென்பொருள் பின்னர் பிற நாடுகளுக்கும் உதவியது. ஆக்குவோர் வேறு, பயன்படுத்துவோர் நாம் என்னும் எண்ணம் நமக்கு வேண்டாம்.

தொடங்க விரும்பும் மாணவர்க்கு வழி இது: சீ மொழியைக் கற்றுக்கொள்க. எதுவும் இழப்பதற்கில்லாத பழைய பென் டிரைவ் ஒன்றைத் தேடிக்கொள்க. 'லிப்யூஎஸ்பி' என்னும் இலவச நிரலகத்தின் உதவியால் அகக்கருவுக்கு வெளியே நின்றே இயக்கியை எழுதலாம். தவறினாலும் கணினி வீழாது. முதலில் வாசிக்க மட்டும் பழகுக. எழுதும் கட்டளையைக் கடைசியில் வைத்துக்கொள்க. பேழையின் பெயரைக் கேளுங்கள், கொள்ளளவைக் கேளுங்கள், பின்னர் பூச்சியமாங் கட்டத்தை வாசியுங்கள். வரும் 512 எண்களுள் கடைசி இரண்டும் வழக்கமாக 85, 170 என்றிருக்கும். அவை தோன்றினால் உங்கள் சீட்டு சரியாகப் போய்ச் சேர்ந்து திரும்பிற்று என்பதறிக.

இரண்டு வாரங்களுக்கு முன் அந்த மாணவன் ஒரு தாளை ஏந்திக்கொண்டு என்னிடம் ஓடிவந்தான். எண்கள் நிறைந்த அத்தாளின் அடியில் 85, 170 என்னும் இரண்டைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தான். இழந்த இருபத்தொன்பது நிமிடங்களை அவை மீட்டுத் தரமாட்டா. எனினும், கணினியின் சொல்லை இனி அவன் முழுமையாக விளங்கிக்கொள்வான்.

அன்பார்ந்த பெற்றோரே, மாணவரே! உங்கள் வீட்டிலும் முதியவர் ஒருவரின் குரலோ படமோ இத்தகைய பேழையில் இருக்கக்கூடும். இன்றே அதற்கு இரண்டாவது பிரதி ஒன்றை வேறிடத்தில் எடுத்து வையுங்கள். அப்பிரதியைத் திறந்து பார்த்த பின்பே மூலத்தை அழியுங்கள். பேழையைக் கழற்றுமுன் சாரதி விடை கொடுக்கும்வரை ஒரு கணம் பொறுங்கள். பஸ் இன்னொன்று வரும்.