லேப்டாப்பைத் தொட்டால் 'சுர்ர்' என்கிறதா? எர்த்தைப் பாருங்கள்

சார்ஜ் போட்டபடி வேலை பார்க்கும்போது, லேப்டாப்பின் உலோகப் பகுதியில் மணிக்கட்டு பட்டதும் எறும்பு ஊர்வது போல 'சுர்ர்' என்கிறதா? "ஐயோ, ஷாக் அடிக்குது" என்று பதற வேண்டாம். "லேசாத்தானே அடிக்குது" என்று விட்டுவிடவும் வேண்டாம்.

முதலில் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது சுர்ர் இல்லையென்றால், அது சார்ஜர் வழியாக வருகிறது. சார்ஜருக்குள் இருக்கும் சிறிய கெப்பாசிட்டர் வழியே மிகக் குறைந்த மின்சாரம் லேப்டாப் பாடிக்குக் கசியும். தரமான சார்ஜரில் இது 1 மில்லி ஆம்பியருக்கும் கீழேதான். இரண்டு பின் சார்ஜரில் எர்த் கிடையாது, அதனால் சில சமயம் கையில் தெரியும். செருப்புப் போட்டுக்கொண்டால் தெரியாமலும் போகும்.

மூன்று பின் சார்ஜரிலும் அடிக்கிறதா? அப்போதுதான் யோசிக்கணும். மேலே உள்ள பெரிய பின்தான் எர்த். அது சரியாக இருந்தால் கசிவு தரைக்குள் இறங்கிவிடும். இரண்டு பின் கன்வெர்ட்டர் மாட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். அதே சார்ஜரை வேறொரு வீட்டில் போட்டு, அங்கே அடிக்கவில்லை என்றால் கோளாறு உங்கள் வீட்டு வயரிங்கில் இருக்கலாம். என் வாடகை அறையில் அப்படித்தான். வயர்மேன் போர்டைக் கழற்றினார். பிளக் பாயிண்டில் ஓட்டை மூன்று, ஒயர் இரண்டு!

லேப்டாப்போடு இது முடிந்தால் பரவாயில்லை. அதே வீட்டில் கிரைண்டரோ வாட்டர் ஹீட்டரோ உள்ளே ஒயர் பிய்ந்து பாடியைத் தொட்டால், 230 வோல்ட் முழுதாக வெளியே வந்து நிற்கும். எர்த் இல்லாத இடத்தில் அது தரைக்கு இறங்கும் வழி, ஈரக் கையோடு தொடுபவரின் உடம்புதான். உயிரே போகலாம்.

உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் ஒயரையும் எர்த் குழியையும் சோதிக்கச் சொல்லுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் கேளுங்கள். லேப்டாப் சுர்ருக்கு அது விழாது. பெரிய கசிவு வந்தால் இணைப்பை உடனே துண்டிக்கும். எர்த்துக்கு அது மாற்று இல்லை, இரண்டும் வேணும்.

சுள்ளென்று அடித்தாலோ, சார்ஜர் ஒயர் பிய்ந்திருந்தாலோ, கருகல் வாடை வந்தாலோ சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். அந்த சார்ஜரை மறுபடி போடாதீர்கள்.

மீட்டருக்குப் பிறகு உள்ள வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. மின்கம்பம், சர்வீஸ் ஒயர் பக்கம் கோளாறு என்றால் 'மின்னகம்' 94987 94987 எண்ணில் 24 மணி நேரமும் புகார் சொல்லலாம்.